காற்றுக்கு எதிராக ஆறு கிலோமீட்டர்

காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். வாலாஜாபாத் சாலையிலிருந்து ஏரிக்கரைக் கிராமத்துக்குப் பிரியும் முனையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்சிக் கொடி. இரவு மழையில் நனைந்திருந்தும் முழுதாக விரிந்து கிழக்கே, ஒரகடம் பக்கமாக நீண்டு பறந்துகொண்டிருந்தது. நான் வரைந்த வரைபடத்தின்படி அது மேற்கே பறக்க வேண்டும்.

இன்னும் பதினெட்டு நிமிடத்தில் எங்கள் சங்கத்தின் ஒருநாள் சைக்கிள் பந்தயம் தொடங்க இருந்தது. பாதையை வடிவமைத்தவள் நான். கடைசி ஆறு கிலோமீட்டர் முழுக்க எதிர்க்காற்று என்று சங்கக் கூட்டத்தில் பதினான்கு பேர் முன்னால் சுவரில் வரைபடத்தை ஒட்டிக் காட்டியிருந்தேன். நீல மையில் ஆறு அம்புக்குறிகள். ஆறும் தவறு.

இந்தப் பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழின் இரவுப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் விளையாட்டுப் பக்கம். ஆண்டுதோறும் ஜூலையில் ஐரோப்பிய மலைகளில் நடக்கும் சைக்கிள் பந்தயச் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதை இரவு பதினொன்றரைக்குள் பன்னிரண்டு வரித் தமிழாக்கித் தர வேண்டும். அந்த மலைகளை நான் பார்த்ததில்லை. பந்தய சைக்கிளைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. ஆனால் ‘செங்குத்தான ஏற்றத்தில் முன்னணி வீரர்களை உதறித் தள்ளினார்’ என்று அறுபது தடவையாவது எழுதியிருப்பேன். ஓய்வு பெற்று ஒரகடத்தில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு, கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர்தான் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். அடுத்த ஞாயிறே நான் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஆனேன். மறுக்கத் தோன்றவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சங்கத்தில் இருப்பவர்கள் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். பந்தயம் அதற்கு முன் மூன்று வருடம் நடந்திருந்தது. மூன்று வருடமும் ஒரே ஆள் முதலிடம், ஒரே ஆள் இரண்டாமிடம்.

முதலிடம் ஒரு ஸ்பிரின்டருக்கு. கடைசி இருநூறு மீட்டர் வரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து வந்து, கோடு தெரிந்ததும் பாய்கிற வகை. கார் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் லைனில் சூப்பர்வைசர். இந்த மண்ணைச் சேர்ந்த குடும்பம். அப்பா நெல் போட்ட நிலத்தின் மேல் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. அவர் தொடையின் சுற்றளவை யாரோ அளந்து, அது என் இடுப்பைவிட ஒரு விரல் குறைவு என்று வதந்தி கிளப்பியிருந்தார்கள். மறுப்பு வெளியிடும் நிலையில் நான் இல்லை.

இரண்டாமிடம் ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு. கம்பம் பக்கத்துக்காரர். குமுளி மலைரோட்டில் ஓட்டிப் பழகியவர். வாலாஜாபாத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஒரகடம் வரை சைக்கிளிலேயே வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பந்தயத்தையும் அதே ரப்பர் செருப்போடு ஓட்டுவார். ஹெல்மெட் கட்டாயம் என்று சங்க விதியில் இருக்கிறது. காலைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பாதை நேர்க்கோடு. இந்தப் பகுதிச் சாலைகளைப் போட்டவர்கள் கன்டெய்னர் லாரியை மனத்தில் வைத்துப் போட்டார்கள். லாரிக்குச் சௌகரியமானது ஸ்பிரின்டருக்கும் சௌகரியம். மற்றவர்கள் முப்பது கிலோமீட்டர் காற்றைக் கிழித்து வழி செய்வார்கள். அவர் பின்னால் வந்து முப்பது நொடியில் முடித்துவிடுவார். நான்காவது வருடமும் இதே கதை என்றால் பெயர் கொடுக்க மாட்டோம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஸ்பிரின்டரைத் திணறடிக்க ஒரு பாதை வேண்டும் என்றார் செயலாளர்.

மற்றவர்களுக்கு அது பேச்சு. கம்பத்துக்காரருக்கு அப்படியில்லை. ஒருநாள் மாலை டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“மேடம், ஒரு ஏத்தம் வச்சுக் குடுங்க. எங்க ஊரு மாதிரி வேணாம். மாடிப்படி அளவுக்கு இருந்தாக்கூடப் போதும்.”

“அடுத்த வருஷமும் பந்தயம் இருக்குமே.”

“நான் இருக்கணுமே மேடம். மாசக் கடைசியோட கான்ட்ராக்ட் முடியுது. ஓசூர்ல ஒரு கம்பெனில வரச் சொல்லியிருக்காக. இதான் இங்க கடைசி.” டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “மூணு வருசமா எங்கண்ணன் போன்ல கேக்கும்போதெல்லாம் ரெண்டாவது, ரெண்டாவதுன்னு சொல்றேன். ரெண்டே பேர் ஓட்டுற ரேஸுன்னு நெனச்சுக்கிட்டாரு.”

நான் வாக்குக் கொடுத்தேன். ஏற்றம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்தேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உயரமான பொருள் என்று பார்த்தால் கோயில் கோபுரம், தொழிற்சாலைப் புகைபோக்கி, ஒரகடம் மேம்பாலம். இவற்றில் சைக்கிள் ஏறக்கூடியது மேம்பாலம் ஒன்றுதான். செயலாளரும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி என் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். ‘மலைக்கட்டம்’ என்று நான் சிவப்பு மையில் எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

“இது மேம்பாலம் தானே?”

“ஆமாம் சார்.”

“கீழ சர்வீஸ் ரோடு சும்மாத்தானே கெடக்குது. அங்க ஓட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை, ஆறுல இருந்து எட்டு. மேல ஒரு சைக்கிள் ஏறக் கூடாது.”

மலை போயிற்று. அதன்பிறகு தினமும் மாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றினேன். காலையில் சுற்றியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருட இரவுப் பணி உடம்பில் ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்பது மணிக்கு முன் என்னை எழுப்பினால் அது செய்தி. அந்தச் சுற்றலில்தான் காற்றைக் கண்டுபிடித்தேன். வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் நோக்கி வரும்போது முகத்தில் அறைந்தது. நான்கு மாலை தொடர்ந்து சோதித்தேன். நான்கு மாலையும் கிழக்கிலிருந்து வந்தது. ஒரு தகவலை இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் அச்சேற்றக் கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். நான்கு முறை உறுதி செய்த திருப்தியில் வீட்டுக்கு வந்து படம் வரைந்தேன்.

பாதை இதுதான். ஸ்ரீபெரும்புதூர் எல்லையில் தொடக்கம். ஒரகடம் வந்து, வாலாஜாபாத் சாலையில் மேற்கே போய், பிரதான சாலையை விட்டு ஏரிக்கரையில் ஏறி, கிராமத்துத் தெரு வழியாக இறங்கி, அதே சாலையைப் பிடித்துக் கிழக்கே திரும்பி, ஆறு கிலோமீட்டர் காற்றை எதிர்த்து ஒரகடத்தில் முடிவு. கிராமத்துத் தெருவில் பதினோரு வேகத்தடைகளை எண்ணி வைத்திருந்தேன். அவற்றையும் தடைகள் என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டேன்.

கூட்டத்தில் இதை விளக்கியபோது ஸ்பிரின்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“கடைசி ஆறும் எதிர்காத்தா மேடம்?”

“முழுக்க.”

“நல்லது மேடம்,” என்றார்.

தோல்வியை முன்கூட்டியே பெருந்தன்மையாக ஏற்கிறார் என்று நினைத்தேன். கம்பத்துக்காரர் முகம் வாடியது. ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஏற்றம் கிடைக்காத வருத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆக, அந்த ஞாயிறு காலை ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கொடியைப் பார்த்தபடி நின்றேன். மாலையில் அடிப்பது கடற்காற்று, கிழக்கிலிருந்து வரும். காலையில் அடிப்பது ஆடிக் காற்று, மேற்கிலிருந்து வரும். அம்மியையே பறக்க வைக்கும் என்று பழமொழியில் பெயர் வாங்கிய காற்று. அது எந்த மாதத்தில் அடிக்கும் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

தெரு முனையில் கண்காணிப்பு என் பொறுப்பு. உள்ளே பார்த்தபோது இரண்டாவது விஷயம் தெரிந்தது. தெருவின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, பந்தல். வேப்பிலைத் தோரணம். அம்மன் கோயில் வாசலில் வரிசையாக நான்கு அண்டா. ஆடி ஞாயிறு. கூழ் வார்க்கும் நாள்.

எங்கள் வீட்டு நாட்காட்டி மாதா கோயிலில் கொடுப்பது. அதில் ஆடிக்குச் சிவப்பு மை கிடையாது என்று சாக்குச் சொல்லலாம். எடுபடாது. ‘பக்தர்களுக்குக் கூழ் வார்க்கப்பட்டது’ என்ற படக்குறிப்பை வருடம் தவறாமல் எழுதியவள் நான். தேதி பார்க்கும்போது மழையைப் பார்த்தேன், ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தேன், கிரிக்கெட் அட்டவணையைக்கூடப் பார்த்தேன்.

அண்டா பக்கத்தில் நின்று கூழைத் துழாவிக்கொண்டிருந்த பெண்மணிதான் அன்றைய ஏற்பாட்டுக்குத் தலைமை என்று அவர் மற்றவர்களை விரட்டிய விதத்தில் தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். அவரிடம் போய் விவரத்தைச் சொன்னேன்.

“இன்னாது, ரேஸா?” துழாவுவதை நிறுத்தவில்லை. “ஆடி மாசத்துல ரேஸுக்கு யார் மேடம் நாள் குறிச்சுக் குடுத்தது?”

“நான்தான்.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “படிச்சவங்களா கீறீங்க.”

“பந்தலோட ஓரத்தை மட்டும் கொஞ்சம் அவிழ்த்தா...”

“அம்மனுக்குப் போட்ட பந்தல அவுக்கறதா? நல்லா கேட்டீங்க போங்க. வரட்டும், யார் வேணாம்னது? எறங்கி, செருப்ப கழட்டிட்டு, வண்டிய தள்ளிக்கினு போவட்டும். அம்மனுக்கு எதுர்ல எங்கூரு ஆளே வண்டியில ஒக்காந்துகினு போவ மாட்டான்.”

“ரேஸு அக்கா. நேரம் போயிடும்.”

“நாப்பது அடி. அதுக்குள்ள இன்னா பூடுது நேரம்? எத்தினி பேர் வராங்க?”

“முப்பத்திரண்டு.”

அவர் பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ, இன்னும் முப்பது சொம்பு கழுவுங்கடி.”

ஐந்து ஐம்பத்தாறுக்குச் செயலாளரைக் கைபேசியில் பிடித்தேன். தொடக்கக் கோட்டில் கையில் மைக்கோடு இருந்தார். பந்தலைப் பற்றிச் சொன்னேன்.

“மேடம், இதுவும் டிசைன்ல கீதா?”

“இல்லை தம்பி. மாற்று வழியும் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதியா அறிவிச்சிடுங்க.”

அவர் மைக்கில் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. பந்தல் வரும், இறங்கணும், காலில் எதுவும் இருக்கக் கூடாது, ஓடக் கூடாது, நாற்பது அடி நடந்து தாண்டிய பிறகுதான் ஏறலாம். கூட்டத்தில் சிரிப்பு. யாரோ, “மொட்டையும் அடிக்கணுமா தலைவா?” என்றார். ஆறு மணிக்கு அங்கே பந்தயக் கொடி அசைந்தது.

அவர்கள் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை எனக்கு வேலை, முனையிலிருந்த கட்சிக் கொடியைப் பார்ப்பது. அது மனம் மாறவில்லை. வெட்டவெளியான அந்த ஆறு கிலோமீட்டரில் காற்று இனி முதுகைத் தள்ளும். ஸ்பிரின்டருக்கு நான் அமைத்துக் கொடுத்தது சறுக்குமரம் என்று முடிவுக்கு வந்தேன். ஓசூருக்குப் போகிறவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ‘வருந்துகிறோம்’ என்று ஆறாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடும் வசதி இங்கே இல்லை.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஏரிக்கரை மேல் ஹெல்மெட்டுகள் தெரிந்தன. ஒரே கொத்தாக வந்தார்கள். என் கரையும் என் பதினோரு வேகத்தடைகளும் அவர்களில் ஒருவரைக்கூடப் பிரிக்கவில்லை. ஸ்பிரின்டர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ சொகுசாக மறைந்து வந்தார். கம்பத்துக்காரர் வழக்கம்போல் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டிருந்தார்.

பந்தலுக்குப் பத்தடி முன்பு கம்பத்துக்காரர் ஓடும் சைக்கிளிலிருந்தே காலை உதறினார். ஒரு செருப்பு இடப்பக்கம், ஒரு செருப்பு வலப்பக்கம். இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எட்டி நடந்தார். கோயில் வாசலில் தலைமைப் பெண்மணி சொம்பை நீட்ட, நிற்காமலே வாங்கி ஒரு வாய் குடித்து, அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூழ் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வளர்ப்பு. நாற்பது அடி முடிந்ததும் வெறுங்காலோடு பெடலை மிதித்தார். செருப்புக்காக அவர் திரும்பவில்லை. என் கைக்கடிகாரத்தில் பதினெட்டு நொடி.

மற்றவர்கள் ஷூ போட்டவர்கள். முன்வரிசைக்காரர்கள் அணிந்தது பெடலோடு பூட்டிக்கொள்ளும் தனி ஷூ. அடியில் கட்டை, மேலே இரண்டு பட்டை, ஒரு கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சுடுதரையில் கோழி. ஸ்பிரின்டர் தெருவில் உட்கார்ந்தேவிட்டார். பட்டைகளைப் பிய்த்து ஷூவைக் கழற்றி, எழுந்து ஓரடி வைத்தார்.

“தம்பி,” என்றார் தலைமைப் பெண்மணி. “அது இன்னா, கால்ல?”

“சாக்ஸ் அக்கா.”

“அது மட்டும் அம்மனுக்கு மாமனா மச்சானா? கழட்டு.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒருவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மறுபக்கம் போய்த் திரும்ப மாட்டுவது இன்னும் சிரமம். இரவு மழையும் சிந்திய கூழும் சேர்ந்து பாதமெல்லாம் சேறு. ஸ்பிரின்டர் பந்தலை விட்டுக் கிளம்பியபோது என் கடிகாரம் ஒரு நிமிடம் நாற்பது நொடி காட்டியது. என்னைக் கடக்கும்போது தலையைத் திருப்பி, “சூப்பர் மேடம்,” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.

முடிவை நான் பார்க்கவில்லை. கடைசி ஆள் கடந்து போகும்வரை கண்காணிப்பாளர் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது நானே எழுதிய விதி. ஏழு பதினொன்றுக்குச் செயலாளர் கூப்பிட்டார். பின்னால் விசில் சத்தம்.

“ரெண்டு சைக்கிள் நீளம் மேடம்.”

“யார்?”

“நம்ம கம்பம்தான் மேடம். ஸ்பிரின்டர் வெறி புடிச்ச மாதிரி தொரத்தினாரு. இன்னும் நூறு மீட்டர் இருந்தா புடிச்சிருப்பாரு. கோட்டத் தாண்டிட்டு நம்மாளு அப்படியே ரோட்டுல ஒக்காந்துட்டாரு. பெடல் முள்ளு குத்தி காலெல்லாம் ரத்தம். அண்ணனுக்குப் போன் போட்டுக் குடுங்கன்றாரு.”

போட்டுக் கொடுக்கச் சொன்னேன். பிறகு, அந்தப் பெண்மணி கொடுத்த கூழை முழுவதும் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

பரிசளிப்பின்போது ஸ்பிரின்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா? கூட்டத்துல எதிர்காத்துன்னு சொன்னீங்க. வேணும்னே தானே மாத்திச் சொன்னீங்க?”

“ஏன்?”

“எதிர்காத்து அடிச்சா முன்னாடி தனியா போறவன் சாவான் மேடம். நான் கும்பலுக்குப் பின்னாடி டீ குடிச்சிக்கினு வருவேன். அத நம்பித்தான் அன்னிக்கி நல்லதுன்னேன். காலைல பாத்தா காத்து முதுகுல அடிக்குது. முதுகுல அடிச்சா ஓடிப்போனவன புடிக்கறது கஷ்டம். நீங்க சாதாரண ஆள் இல்ல.”

அதாவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதிலும் தவறியிருந்தேன். அது யாருக்கு உதவும் என்பதிலும் தவறியிருந்தேன். ஒன்றையொன்று இரண்டும் கழித்துக்கொண்டன. அச்சில் இப்படி எப்போதாவது நடக்கும்: தலைப்பும் தவறு, செய்தியும் தவறு, இரண்டையும் சேர்த்துப் படித்தால் உண்மை வந்துவிடும். கூட்டத்திலேயே கம்பத்துக்காரர் முகம் ஏன் வாடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்குத் தெரிந்திருந்தது. மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கிறார்.

நான் ஸ்பிரின்டரிடம் மறுக்கவில்லை. அவர் இதை எல்லோரிடமும் சொன்னார். பாதை அமைத்தவர் என்று மேடைக்குக் கூப்பிட்டு எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். பந்தலை வைத்தது மாஸ்டர் பிளான் என்று செயலாளர் மைக்கில் சொன்னபோது, கையெடுத்துக் கும்பிட்டேன். இருபத்தாறு வருடம் பிறர் பேச்சைத் திருத்திய நான் அன்று ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

மதியம் காலில் கட்டோடு இருந்த கம்பத்துக்காரரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். பந்தலின் முன் குனிந்து தேடினார். கூழ் வாங்க வந்தவர்களின் செருப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவருடையவற்றில் இடது மட்டும் கிடைத்தது.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஓசூர் பஸ்ஸுக்குச் செயலாளரும் நானும் வழியனுப்பப் போனோம். சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கழற்றி பஸ்ஸின் டிக்கியில் வைத்தார். கோப்பை கைப்பையில் இருந்தது. காலில் புதுச் செருப்பு.